சிவப்புக் கொப்பரையின் பயணம்

1891 டிசம்பர். சான் ஃபிரான்சிஸ்கோவில் இரட்சணிய சேனையின் கேப்டனாக இருந்த ஜோசப் மெக்ஃபி, கிறிஸ்துமஸ் அன்று நகரத்து ஏழைகள் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுவதென்று தீர்மானித்திருந்தார். கையில் பணம் கிடையாது. அந்தக் கவலையில் இருந்தவருக்குத் தம் மாலுமிக் காலம் ஞாபகத்துக்கு வந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில், கப்பல் வந்து நிற்கும் இடத்தில், பெரிய இரும்புப் பானை ஒன்று இருக்கும். 'சிம்ப்சன் பானை' என்பார்கள். போகிறவர் வருகிறவர் ஏழைகளுக்காக அதில் காசு போட்டுவிட்டுப் போவார்கள்.

மறுநாளே மெக்ஃபி அனுமதி வாங்கினார். வளைகுடாவைக் கடந்து ஓக்லாந்திலிருந்து வரும் படகுகள் மார்க்கெட் தெருவின் முனையில்தான் பயணிகளை இறக்கிவிடும். அங்கே ஒரு கொப்பரையை வைத்தார். அது நண்டு அவிக்கும் கொப்பரை என்று சொல்வார்கள். பானை கொதித்துக்கொண்டே இருக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு பலகை. சமையல் பாத்திரத்தைத் தெருவில் பார்க்கிறவனுக்கு யாருக்கோ பசி என்பது உடனே புரிந்துவிடும்; பிரசங்கம் தேவையில்லை. காசு சேர்ந்தது, விருந்தும் நடந்தது.

பசித்தவனிடம் ஆத்துமாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவன் வயிற்றைக் கவனி என்பது இந்தச் சேனைக்குப் பிறவியிலேயே வந்த குணம். 1865-இல் லண்டனின் கிழக்குப் பகுதிச் சேரிகளில் இந்த ஊழியத்தைத் தொடங்கியவர்கள் வில்லியம் பூத்தும் அவர் மனைவி கேதரினும். நாகர்கோவில் கேதரின் பூத் ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்தவர் இந்த அம்மையார்தான்.

1895-க்குள் அமெரிக்காவின் மேற்குக் கரையில் முப்பது ஊர்களில் கொப்பரை தொங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அதைப் பார்த்துப் பழகிய இளம் ஊழியர்கள் இருவர் கிழக்கே மாற்றலாகிப் போனார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் மெக்கின்டயர், 1897 கிறிஸ்துமஸுக்குப் பாஸ்டன் நகரிலும் கொப்பரை வைக்கலாம் என்றார். கூட இருந்த ஊழியர்கள் மறுத்துவிட்டார்கள். நடுத்தெருவில் நின்று காசு கேட்டால் ஊரே வேடிக்கை பார்க்குமே என்ற கூச்சம் அவர்களுக்கு.

அந்தக் கூச்சத்தை நான் குறைவாக மதிப்பிடமாட்டேன். தர்மம் செய்ய நமக்குத் தயக்கம் இருப்பதில்லை. இன்னொருவருக்காகப் போய்க் கேட்கச் சொன்னால்தான் கால் பின்வாங்குகிறது. கொடுக்கும்போது நம் கை மேலே இருக்கிறது. கேட்கும்போது அது கீழே இறங்கிவிடுகிறது. மெக்கின்டயரும் அவர் மனைவியும் சகோதரியும் அப்படி இறங்கச் சம்மதித்தார்கள். ஜனம் நெருக்கியடிக்கும் வாஷிங்டன் தெருவில் மூன்று கொப்பரைகளை வைத்து நின்றார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் கொப்பரைப் பணத்தில் 1,50,000 பேருக்குக் கிறிஸ்துமஸ் விருந்து கிடைத்தது என்று சேனையின் வரலாறு சொல்கிறது.

அப்போது அமெரிக்கச் சேனைக்குத் தலைமை வகித்த பூத்-டக்கர் தம்பதியில் கணவர் ஃபிரெடரிக், பீகாரின் முங்கேரில் பிறந்தவர். ஐ.சி.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு, 1882-இல் மூன்று தோழர்களோடு பம்பாயில் வந்திறங்கி இந்தியாவில் சேனையைத் தொடங்கினார். ஃபக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி உடுத்தி, செருப்பில்லாமல் கிராமம் கிராமமாக நடந்தார். பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிட்டார். துரையாக இருந்தவர், தாம் ஆண்ட ஜனங்களிடமே கையேந்தினார். அவர் அமெரிக்காவில் தலைவராக இருந்த 1896 முதல் 1904 வரையான காலத்தில்தான் கொப்பரை கிழக்குக் கரைக்கும் போய்ச் சேர்ந்தது.

1901-இல் நியூயார்க் கொப்பரைகளில் சேர்ந்த பணத்தில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் மாபெரும் பந்தி நடந்தது. அந்த வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. ஜப்பான், கொரியா, சிலி, ஐரோப்பிய நாடுகள் என்று கொப்பரை கடல் கடந்தது. சியோல் தெருக்களில் 1928 முதல் அது தொங்குகிறது.

இன்றைய கொப்பரை சிறியது. மூன்று கால் தாங்கியில் சங்கிலியில் தொங்கும் சிவப்பு வாளி. மூடியில் காசு போட ஒரு பிளவு. பக்கத்தில் கையில் மணியோடு ஒருவர். கூலிக்கு நிற்பவர்களும் உண்டு, சபையிலிருந்து குடும்பமாக வந்து முறைவைத்து நிற்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் டிசம்பர் குளிரில் விரல் விறைத்துப்போகும், ஆனாலும் மணி ஓயாது. இப்போது கைபேசியைக் காட்டியும் காணிக்கை போடலாம். இரவு வாளியைத் திறந்து எண்ணும்போது சில்லறைக்கு நடுவே தங்க நாணயமோ கல்யாண மோதிரமோ கிடைப்பதுண்டு. போட்டவர் பெயர் தெரியாது. தர்மத்தை மறைவாகச் செய்யும்படி மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை அவர்கள் அப்படியே செய்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தப் பயணத்தில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது ஒரு மாற்றம். அரங்கில் ஊர் பார்க்கச் சாப்பிட்டவர்களின் இடத்தில், இன்று பல குடும்பங்களுக்கு மளிகை வாங்கிக்கொள்ள வழி செய்து தருகிறார்கள். அம்மா தன் அடுப்பில், தன் பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள். வாங்குகிறவர் பட வேண்டிய கூச்சத்தை, மணியடித்து நிற்பவர் தெருவிலேயே பட்டு முடித்துவிடுகிறார். தேவன் மாட்டுத்தொழுவம் வரை இறங்கி வந்தார் என்று நம்புகிறவர்களுக்கு இது பொருத்தமான ஊழியம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் பர்ஸிலிருந்து கொடுப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். கேட்க வாயில்லாத ஒருவருக்காக நாலு வீட்டுக் கதவைத் தட்டுவோம். ஒரு வீட்டில் முகம் சுளித்தால், பொறுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம்.