கொக்கிப் புழுவும் நெய்யாற்றின்கரையும்

மனிதனின் உடலிற் குடிபுகுந்து, அவன் உண்பதிற் பங்குகொண்டு வாழும் உருளைப் புழுக்கள் பல. அவற்றுட் சில வாய்வழியே வருகின்றன. வேறு சில கால்வழியே வருகின்றன. இவ்விரு வகையின் வரலாற்றையும் ஒருங்கே நோக்கினால், நோயைப் பற்றிய அறிவோடு, மக்கள் வாழ்ந்த நிலையைப் பற்றிய அறிவும் நமக்குக் கிட்டும்.

வாய்வழி வருவதற்குத் தக்க சான்று டிரிக்கினா என்னும் புழு. 1835-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஜேம்ஸ் பாஜெட் என்ற மருத்துவ மாணவர், பிணமொன்றின் தசையில் வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கக் கண்டார். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு புழு சுருண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. 1860-இல் டிரெஸ்டன் நகரில் இறந்த பணிப்பெண் ஒருத்தியின் தசையிலும், அவள் வேலை செய்த வீட்டில் உண்ணப்பட்ட பன்றி இறைச்சியிலும் அதே புழு இருந்ததை ஸெங்கர் என்னும் அறிஞர் கண்டறிந்தார். பச்சையாகவும் அரைவேக்காடாகவும் இறைச்சி உண்ணும் வழக்கமே காரணம் எனத் தெரிந்தது. அறிஞர் விர்ஷோ முதலியோரின் முயற்சியால், இறைச்சியை நுண்பெருக்கி கொண்டு சோதிக்கும் முறை ஜெர்மனியிற் பரவியது. இறைச்சியைக் குழம்பிலிட்டு நன்கு வேகவைத்து உண்ணும் வழக்கமுள்ள நம் நாட்டில் இந்நோய் மிக அரிதாகவே காணப்பட்டிருக்கிறது. அடுப்பின் தீ அப்புழுவைக் கொன்றுவிடுகிறது.

ஆனால், அடுப்பின் தீ எட்டாத புழுவொன்று உண்டு. அதுவே கொக்கிப் புழு. 1838-இல் மிலான் நகரில் டுபினி என்பார் இதனைக் கண்டார். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆல்ப்ஸ் மலையின் ஊடே செயின்ட் காத்தார்டு சுரங்கப்பாதை வெட்டிய தொழிலாளர் பலர் குருதி வற்றி வீழ்ந்தபோது, இதன் கொடுமையை உலகம் உணர்ந்தது. இது உடலினுட் புகும் வழியோ தற்செயலாகவே வெளிப்பட்டது. கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த லூஸ் என்பவரின் கையில், புழுக்குஞ்சுகள் நிறைந்த நீர் சிந்திற்று. சிந்திய இடம் சிவந்து அரித்தது. வாரங்கள் சில கழிந்தபின் அவர் மலத்தில் புழுவின் முட்டைகள் தோன்றின. தோலைத் துளைத்தே இப்புழு உட்செல்கிறது என்பதை 1898-இல் அவர் உலகறியச் செய்தார்.

மலத்தோடு மண்ணில் விழும் முட்டை, ஈரமும் நிழலும் வெப்பமும் கூடிய இடத்தில் ஓரிரு நாட்களில் பொரிக்கிறது. ஒரு வாரமளவில் அக்குஞ்சு வெறுங்காலைத் துளைக்கும் வலிமை பெறுகிறது. பின்னர் குருதியோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலிற் சென்று பற்றிக்கொள்கிறது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள இப்புழு ஒன்று உறிஞ்சும் குருதி சிறிதே. நூற்றுக்கணக்கில் பெருகியபோது, மனிதன் வெளுத்து, வீங்கி, நாலடி நடந்தாலும் மூச்சு வாங்குகிறான்.

இப்பொழுது நெய்யாற்றின்கரைப் பகுதியை நினைத்துப் பாருங்கள். செங்கல், பாறசாலை முதலிய எல்லை ஊர்களில் செம்மண் நிலம். ஆண்டில் இரு பருவமழை. எங்கும் தென்னை நிழல். புழுவுக்கு இதைவிட ஏற்ற இடம் வேறில்லை. அக்காலத்தில் கழிப்பிடம் இல்லாத வீடுகளே மிகுதி. வெறுங்காலோடு நடப்பதும் ஏழ்மையினால் மட்டும் வந்ததன்று. பழைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட குலத்தினர் பலருக்குக் காலணி அணியும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. ஏழையின் உணவோ பெரும்பாலும் மரச்சீனிக் கிழங்கு. இழந்த குருதியை ஈடுசெய்யும் இரும்புச் சத்து அதில் மிகக் குறைவு. மண் தின்பவருக்குப் பாண்டு நோய் வரும் என்று சரக சங்கிதை கூறுகிறது. இரும்புச் சத்துக் குறைந்த உடலே மண்ணைத் தின்ன விழைகிறது என்கிறது இன்றைய மருத்துவம். வெளுத்துச் சோர்ந்த உழைப்பாளியை ஊரார் சோம்பேறி என்றனர். அவன் குருதியைப் புழு குடித்துக்கொண்டிருந்ததை எவரும் அறியவில்லை.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1909-இல் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கிய ராக்பெல்லர் ஸ்தாபனத்தார், 1916-இல் இலங்கைத் தோட்டங்களில், நம் தமிழ்த் தொழிலாளரிடையே அப்பணியை மேற்கொண்டனர். இலங்கையில் பணியாற்றிய டாக்டர் ஜேகாக்ஸ், 1920-களின் இறுதியில் திருவிதாங்கூர் அரசுக்குத் துணைநிற்க வந்தார். 1931-இல் நெய்யாற்றின்கரையில் சுகாதாரப் பகுதி ஒன்று மாதிரியாக நிறுவப்பெற்றது. 1933-இல் சமஸ்தானத்துக்கெனப் பொதுச் சுகாதார இலாகா அமைந்தது. நோயுற்றபின் மருந்து தருவதோடு நில்லாமல், நோய் வருமுன் காப்பதை ஓர் ஊரிற் செய்து காட்டுவதே அத்தகைய பகுதிகளின் நோக்கம்.

அக்காலத்து மருந்துகளோ கடுமையானவை. கினோபோடியம் எண்ணெயும், 1921 முதல் வழக்கிற்கு வந்த கார்பன் டெட்ரா குளோரைடும் புழுவைக் கொன்றன. அளவு மிஞ்சினால் மனிதனையும் வருத்தின. அதனினும் பெரிய தொல்லை வேறொன்று. மருந்துண்டு புழுவை வெளியேற்றியவன் மறுநாளும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தான். புழு மீண்டும் புகுந்தது. குடலைத் தூய்மை செய்வது ஒரு நாள் வேலை. மண்ணைத் தூய்மை செய்வதோ ஒரு தலைமுறையின் வேலை. மருந்து கொடுப்பது எளிது. எண்ணிக் கணக்குக் காட்டவும் ஏற்றது. வீடுதோறும் கழிப்பிடம் அமைப்பதற்குப் பொருளும் பொறுமையும் வேண்டும். உலகெங்கும் இந்த இயக்கங்கள் இடறிய இடம் இதுவே.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி எல்லை வகுக்கப்பட்டது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே மண், ஒரே மழை. புழு மொழி பார்ப்பதில்லை. அதை எதிர்க்கும் அறிவுக்கும் எல்லை இருத்தல் ஆகாது.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. காலணி பொதுவாயிற்று, கழிப்பிடம் பெருகிற்று. 2015-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தின்படி, ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக அளிக்கப்படுகிறது.

எனினும் தோட்டத்திலும், செங்கற் சூளையிலும், வெளிமாநிலத்துக் கட்டட வேலையிலும் நம்மவர் பலர் இன்றும் ஈரமண்ணில் நின்று உழைக்கின்றனர். குடியிருப்பிற் கழிப்பிடம் கேட்டுப் பெறுவது அவர்கள் உரிமை. பிள்ளைகள் எம்மாநிலத்தில் பயின்றாலும் அந்த மாத்திரை அவர்களுக்கும் உண்டு. அந்நாளில் அவர்களைத் தவறாது பள்ளிக்கு அனுப்புதல் வேண்டும். வீட்டில் ஒருவர் காரணமின்றி வெளுத்து, எளிதிற் களைத்தால், அவரைச் சோம்பேறி என்று கடியுமுன் குருதியைச் சோதித்தல் நலம். நெய்யாற்றின்கரையின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.