படபடக்கும் இதயமும் புழுங்கல் அரிசியும்

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால், நம் சந்தேகம் முதலில் இதயத்தின் மேல்தான் விழும். ஆனால் குற்றவாளி வேறு எங்காவது இருக்கலாம். ஒருமுறை அது சோற்றுப் பானையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த கதையில் நம் திருச்சிக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கோயில் தளிகைக்கும் பொங்கலுக்கும் பச்சரிசி. பெரும்பாலான வீடுகளில் தினச் சாப்பாட்டுக்குப் புழுங்கல். திருச்சி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களிலிருந்து மலாயாவின் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குக் கப்பலேறியவர்களும் அங்கே புழுங்கல் அரிசியைத்தான் சாப்பிட்டார்கள்.

அந்தக் காலத்தில் மலாயாவில் 'பெரிபெரி' என்ற நோய் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. கால் வீங்கும், மூச்சு வாங்கும், படுத்திருந்தாலும் இதயம் படபடவென்று அடிக்கும். கடைசியில் இதயமே ஓய்ந்துவிடும். சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள்தான் அதிகம் இறந்தார்கள். தமிழர்களுக்கு இந்த நோய் மிக அரிதாகவே வந்தது. ஏன்?

பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல். 1905-ல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதைச் சோதித்தார். நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சயாம் பச்சரிசி, மீதிப் பேருக்கு இந்தியப் புழுங்கல். பச்சரிசிக் கூட்டத்தில் பலர் நோயுற்றார்கள், இறந்தும் போனார்கள். இடம்தான் காரணமோ என்று இரு கூட்டத்தையும் கட்டிடம் மாற்றி வைத்துப் பார்த்தார். நோய் கட்டிடத்தில் தங்கவில்லை, பச்சரிசியோடு கூடவே போனது! வாய் திறந்து மறுக்க முடியாதவர்களின் உயிரை வைத்து நடந்த சோதனை இது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்று பிராடன் நினைத்தார். உண்மையில் ஒன்று குறைந்திருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் (வைட்டமின் பி1) அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு மிஞ்சும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். தயமின் இல்லாமல் உடம்பால் மாவுச்சத்திலிருந்து சரியாகச் சக்தி எடுக்க முடியாது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓடுகிறது. 1926-ல் ஜாவாவில் தயமினைப் பிரித்தெடுத்தார்கள். 1936-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில்!

இன்று படபடப்புக்கு இரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல், மாத்திரைகள் என்று காரணங்கள் பல. பெரிபெரி அரிது என்றாலும், குடிக்கு அடிமையானவர்களிடம் இன்னும் தலைகாட்டுகிறது. இ.சி.ஜி. எடுத்த பிறகும் "என்ன சாப்பிடுறீங்க?" என்று மருத்துவர் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன.