காற்றில் மறைந்திருந்த தனிமம்

ஒரு கலவையின் எடையை நிறுத்து அறிவது எளிது. அக்கலவையில் அடங்கிய பொருள்கள் யாவை, அவற்றுள் ஒவ்வொன்றின் மூலக்கூறு எடை எவ்வளவு என்று கணக்கிட்டுக் கூறுவது அத்துணை எளிதன்று. நாம் நாள்தோறும் சுவாசிக்கும் காற்றே இதற்குத் தக்க சான்றாகும். அதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு வேறொரு தனிமம் கலந்திருக்கிறது என்பதை 1894-ஆம் ஆண்டு வரை எவரும் அறிந்திலர். தராசையும் கணக்கையும் துணையாகக் கொண்டு அதனைக் கண்டறிந்த வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் அடிப்படையைக் காண்போம். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமாகவே இருக்கும் என்று 1811-இல் இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ கூறினார். அரை நூற்றாண்டுக் காலம் அக்கருத்தைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலார் மாநாட்டில் கன்னிசாரோ அதன் பயனை விளக்கிய பின்னரே அது நிலைபெற்றது. இதன்படி, ஒரு வாயு ஹைட்ரஜனைப்போல் எத்தனை மடங்கு கனமானது என்று கண்டு, அதனை இரண்டால் பெருக்கினால் அவ்வாயுவின் மூலக்கூறு எடை கிடைத்துவிடும். நைட்ரஜன் 14 மடங்கு கனமானது. ஆகவே அதன் மூலக்கூறு எடை 28.

கலவையாயின் நமக்குக் கிடைப்பது சராசரி எடையே. காற்றின் மூலக்கூறுகள் நூற்றில் நைட்ரஜன் 78, ஆக்ஸிஜன் 21, ஆர்கான் 1 என்று கொள்ளுங்கள். 78-ஐ 28-ஆலும், 21-ஐ 32-ஆலும், 1-ஐ 40-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 2896 வரும். அதனை 100-ஆல் வகுத்தால் 28.96. இதுவே காற்றின் சராசரி மூலக்கூறு எடை.

இனி வரலாற்றிற்கு வருவோம். தனிமங்களின் அணு எடைகள் யாவும் ஹைட்ரஜன் அணு எடையின் முழு மடங்குகளே என்று பிரௌட் என்பவர் கூறிய கொள்கையைச் சோதிக்கும் பொருட்டு, இங்கிலாந்தைச் சேர்ந்த ராலே பிரபு வாயுக்களின் அடர்த்தியைத் துல்லியமாக அளந்து வந்தார். காற்றை நீக்கிய கண்ணாடிக் கோளம் ஒன்றை நிறுத்து, பின்னர் அதில் வாயுவை நிரப்பி மீண்டும் நிறுப்பது அவர் முறை. நைட்ரஜனை இருவகையாகப் பெற்றார்: காற்றிலிருந்து ஆக்ஸிஜனை நீக்கிப் பெற்றது ஒன்று, அம்மோனியா முதலிய சேர்மங்களிலிருந்து பெற்றது மற்றொன்று. முன்னது அக்கோளத்தில் 2.310 கிராம் இருந்தது, பின்னது 2.299 கிராமே இருந்தது.

வேறுபாடு 11 மில்லிகிராம்; அதாவது இருநூற்றில் ஒரு பங்கு. காற்றிலிருந்து பெற்றதைப் பல முறைகளில் தூய்மைசெய்து நிறுத்தபொழுதும் முடிவுகள் ஒரு மில்லிகிராமுக்குள் ஒத்திருந்தன. ஆகவே இதனைத் தராசின் பிழை என்று தள்ளிவிட இடமில்லை. 1892-இல் அவர் இதனை 'நேச்சர்' இதழில் வெளிப்படையாக எழுதி, வேதியியலாரின் கருத்தைக் கேட்டார். இலேசான நைட்ரஜனில் ஹைட்ரஜன் கலந்திருக்குமோ என்றும் சோதித்தார், அவ்வாறில்லை. அதனை எட்டு மாதம் சேமித்து வைத்து நிறுத்துப் பார்த்தார், எடை மாறவில்லை.

அங்ஙனமாயின் காற்று நைட்ரஜனில் கனமான வாயு ஒன்று கலந்திருத்தல் வேண்டும். அதன் மூலக்கூறு எடை என்ன? இங்கேதான் கணக்கின் இடர்ப்பாடு தோன்றுகிறது. 28-இல் இருநூற்றில் ஒரு பங்கு 0.14. கலந்துள்ள வாயு நூற்றில் ஒரு பங்காயின் அதன் மூலக்கூறு எடை 28-உடன் 14 சேர்ந்து 42 ஆகும். இரண்டு பங்காயின் 35 ஆகும். அளவும் எடையும் ஆகிய இரண்டும் தெரியாதபோது ஒரே சமன்பாட்டைக் கொண்டு இரண்டையும் காண்பது எங்ஙனம்? வாயுவைப் பிரித்தெடுத்தே ஆகவேண்டும்.

அதற்கான குறிப்பு ஒன்று நூறாண்டுகட்கு மேலாக நூலகங்களில் உறங்கிக் கிடந்தது. 1785-இல் ஹென்றி காவெண்டிஷ், காற்று நைட்ரஜனோடு ஆக்ஸிஜனைச் சேர்த்து மின்பொறிகளைச் செலுத்தி, அதனை வேறு பொருளாக மாற்றி நீக்கியபோது, எவ்வளவு முயன்றும் ஒரு சிறு குமிழி எஞ்சியது. அது முழு நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்கிற்கு மிகாது என்று அவர் எழுதிவைத்தார். ராலே அம்முறையைப் பின்பற்றினார். லண்டனில் வில்லியம் ராம்சே, பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின்மேல் காற்று நைட்ரஜனைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். நைட்ரஜனை மக்னீசியம் ஏற்றுக்கொள்ள, எஞ்சிய வாயுவின் அடர்த்தி 14-இலிருந்து படிப்படியாக உயர்ந்து 20-ஐ நெருங்கியது. எனவே மூலக்கூறு எடை 40. காற்று நைட்ரஜனில் அதன் அளவு நூற்றில் 1.2 பங்கு என்று இன்று அறிவோம். 0.14-ஐ 0.012-ஆல் வகுத்து 28-உடன் கூட்டிப் பாருங்கள். விடை 40-ஐ ஒட்டியே வரும். தராசு கூறியதும் பிரித்தெடுத்த வாயு கூறியதும் ஒன்றே!

1894 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டில் இருவரும் இதனை அறிவித்தனர். வேறு பொருள்களோடு சேராமையால் அதற்குச் 'சோம்பேறி' எனும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆர்கான் எனப் பெயர் சூட்டினர். அறிஞர் பலர் ஐயுற்றனர். மூன்று அணு சேர்ந்த நைட்ரஜனாக இருக்கலாம் என்று மெண்டெலீவே கருதினார்; அவ்வாறாயின் எடை 42 ஆகும். ஆனால் அவ்வாயுவில் ஒலி செல்லும் வேகத்தை அளந்து, அதன் மூலக்கூறு ஓரணுவால் ஆனதே என்று ராம்சே காட்டினார். அணு எடையும் 40 என்றாயிற்று. 39.1 எடையுள்ள பொட்டாசியத்திற்கு முன் 40 எடையுள்ள ஆர்கான் நிற்பது எவ்வாறு என்ற ஐயம், 1913-இல் மோஸ்லி அணு எண்ணின் சிறப்பை நிலைநாட்டியபோதே தெளிந்தது. ஹீலியம், நியான், கிரிப்டான், செனான் என்பனவும் ஒன்றன்பின் ஒன்றாக ராம்சேயின் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுக்கப்பெற்றன. 1904-இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபெல் பரிசு கிடைத்தது.

மாணவர்களே, செய்முறை வகுப்பில் நீங்கள் காணும் அளவு பாடநூல் கூறும் அளவோடு ஒவ்வாதபோது, அதனை அழித்துவிட்டு நூலில் உள்ள எண்ணை எழுதிவிடத் தோன்றும். பெரும்பாலும் பிழை நம் கையில்தான் இருக்கும். ஆயினும் கண்டதைக் கண்டவாறே எழுதி, மீண்டும் அளந்து பார்ப்பதே முறை. ராலே தம் குறிப்பேட்டில் அந்த 11 மில்லிகிராமைத் திருத்தியிருப்பாராயின், காவெண்டிஷின் குமிழி இன்னும் எத்தனை ஆண்டு காத்திருந்ததோ!