அவசர நாளுக்கான சேமிப்பும் அமானிதமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

 



நாளைக்கென எடுத்து வைப்பது தவக்குலுக்கு முரணானது என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலில் உண்பதற்குப் போக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டு வைத்து, பின்வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளை எதிர்கொள்ள வழி காட்டியவர்கள் நபி யூசுஃப் (அலை) அவர்கள். நம் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பதை ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்தையும் கடலையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழ்வோருக்கு இப்பாடம் மிகவும் தேவையானது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 2015இல் பெருவெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அதையொட்டி எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்க் கழிவும். இத்தகைய நாட்களில் கையிருப்பு இல்லாத குடும்பம் அடகுக் கடையின் படியேறுகிறது. வட்டி ஹராம் என்று அறிந்திருந்தும் அதில் சிக்கிக் கொள்கிறது.

ஆயினும் சேமிப்பது பாதிக் கடமையே. அதை யாரிடம் ஒப்படைப்பது என்பது மறுபாதி. இதற்கான சான்று நம் ஊரிலேயே உண்டு. துறைமுகத்திற்கு எதிரே, இன்று ராஜாஜி சாலை எனப்படும் முதல் கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் கம்பெனி என்னும் ஆங்கிலேய நிறுவனம் இயங்கி வந்தது. அதன் பெயரையும் பெருமையையும் நம்பிப் பெரும் செல்வர்கள் மட்டுமின்றி, சிறு ஊதியக்காரர்களும் தங்கள் வாழ்நாள் சேமிப்பை அங்கே வைத்தனர். லண்டன் கூட்டாளியின் ஊக வணிகத்தில் பெரும் பணம் கரைந்தது. 1906 அக்டோபர் 22இல் நிறுவனம் பணம் வழங்குவதை நிறுத்திவிட்டது. உரிமையாளர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் அத்தண்டனை ஏழைகளின் இழப்பை ஈடு செய்யவில்லை. இந்த வீழ்ச்சியின் விளைவாகவே 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டை எகிப்து தந்தது. நைல் நதிப் படுகையிலுள்ள மீத் கம்ர் என்னும் சிற்றூரில் 1963இல் டாக்டர் அஹ்மத் அந்நஜ்ஜார் ஒரு சேமிப்பு வங்கியை நிறுவினார். ஜெர்மனியின் சேமிப்பு வங்கிகளைக் கண்டறிந்தவர் அவர். வட்டிக்கு அஞ்சிப் பணத்தை வீட்டிலேயே மறைத்து வைத்திருந்த விவசாயிகள், அங்கே சிறு தொகைகளைச் செலுத்தினர். அத்தொகைக்கு வட்டி இல்லை. வேண்டும்போது திரும்பப் பெறலாம். ஒழுங்காகச் சேமித்தவர் தேவை ஏற்படும்போது வட்டியில்லாக் கடனும் பெறலாம். 1967இல் அம்முயற்சி முடிவுக்கு வந்தபோதிலும், பிற்கால இஸ்லாமிய வங்கிகளுக்கு அதுவே முன்னோடியாயிற்று.

அர்பத்நாட்டின் பாடத்தை நாம் மறந்துவிட்டோம் என்பதை 2019 ஜூனில் பெங்களூரு நமக்கு உணர்த்தியது. ஹலால் முதலீடு என்ற பெயரில் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் வீழ்ந்தபோது, பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்து கண்ணீர் வடித்தன. தாடியும் தொப்பியும் கணக்குப் புத்தகத்திற்கு ஈடாக மாட்டா!

ஆகவே சகோதரர்களே, நாளொன்றுக்கு 20 ரூபாய் ஒதுக்கினாலும் ஓராண்டில் 7,300 ரூபாய் சேரும். திடீர் மருத்துவச் செலவின்போது மனைவியின் வளையலை அடகு வைக்காமல் காக்க அது துணை நிற்கும். அவசரத்திற்கான தொகையை அதிக இலாபம் தேடி அலைய விடாதீர்கள். வங்கியில் வைப்போரின் பணத்திற்கு 2020 முதல் 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கணக்கில் சேரும் வட்டியை மட்டும் தமக்கெனப் பயன்படுத்தாமல், நன்மையை எதிர்பாராது ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஆலிம்களின் வழிகாட்டல். சேமிப்பு நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் ஜகாத் கடமையாகும் என்பதையும் மறவாதீர்கள். யாரிடம் பணம் கொடுத்தாலும் எழுதி, சாட்சி வைத்து, கணக்குக் கேளுங்கள். கணக்குக் கேட்பது அவநம்பிக்கையன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆனே (2:282) நமக்குக் கட்டளையிடுகிறது.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை வட்டியிலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.