படிக்காசும் வாசியும்

சோணாட்டிலே காவிரித் தென்கரையில் விளங்குந் திருத்தலங்களுள் ஒன்று திருவீழிமிழலை. கி. பி. 7 ஆம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் திருநாவுக்கரசு நாயனாரும் அங்கே தத்தம் அடியார் கூட்டத்தோடு தங்கியிருந்த காலத்து, மழை பொய்த்து ஆறு நீரற்று, நாடெங்கும் வற்கடம் பரந்தது. பெருமான் இருவர்க்குங் கனவில் எழுந்தருளி, "காலவேறுபாட்டால் உங்கள் மனம் வாட்டமுறாதாயினும், உங்களைச் சார்ந்தோர் வாட்டந் தீர்தற்பொருட்டு நாடோறும் ஒவ்வொரு காசு தருவோம்" என்னுங் கருத்துப்பட அருளினார். அவ்வாறே திருக்கோயிலின் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் தினந்தோறும் காசு காணப்பட்டது. அதுகொண்டு பண்டம் வாங்கி, இரு திருமடங்களிலும் அடியார்க்கு அமுதளித்து வந்தனர்.

இவ்வளவும் சைவர் யாவரும் அறிந்ததே. ஈண்டு ஆராயப் புகுந்தது இதன்பின் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியாகும். அரசு நாயனார் மடத்தில் அடியார்கள் காலத்தே அமுதுசெய்ய, பிள்ளையார் மடத்தில் பொழுது தாழ்த்தது. காரணம் வினவியபோது, அட்டிற் பணியாளர், "தாங்கள் பெற்ற காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர், அரசு பெற்ற காசை வாசியின்றி ஏற்கின்றனர், அதனாற் பண்டங்கள் வந்துசேரத் தாழ்க்கின்றது" என்றனர்.

வாசி என்பது, காசின் எடையிலேனும் மாற்றிலேனும் குறை காணப்படின், அக்குறைக்கு ஈடாக வணிகர் கழித்துக்கொள்ளும் வட்டம். நாணயத்தை நோட்டம் பார்ப்பாரை வண்ணக்கர் என்பது பழவழக்கு. சங்கப் புலவர் பெயர்களிலும் அச்சொல் வருதலின், தமிழ்நாட்டில் இத்தொழிலின் பழமை புலனாகும். சோழர் கல்வெட்டுக்களும் வெறுங் காசு என்னாது, "அன்றாடு நற்காசு" என்று வரையறுத்துக் கூறும். ஆகவே மிழலை வணிகர் செய்தது அடாத செயலன்று. கொடுத்தவர் இறைவரே ஆயினும், கடைத்தெருவில் அக்காசு உரைகல்லைத் தப்பவில்லை.

சேக்கிழார் பெருமான் இரண்டாங் குலோத்துங்கன் (1133-1150) காலத்தவராதலின், நானூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு செய்தியைக் கவிநயம் பற்றிப் புனைந்தார்கொல் என்று ஐயுறுவார் உளராயின், அவ்வையம் வேண்டா. பிள்ளையார் அருளிய முதற்றிருமுறைத் திருவிருக்குக்குறட் பதிகமே இதற்கு நேர்ச் சான்று. வாசி தீரும்படி காசு தருக என்று அவர் அதிலே வெளிப்படையாக விண்ணப்பிக்கின்றார். காசிலே கறை உண்டென்பதையும் மறைத்தாரில்லை. பின்வந்த சுந்தரமூர்த்தி நாயனாரோ, மிழலைப் பதிகத்திலே, தமிழை இசையோடு கேட்கும் விருப்பத்தால் இறைவர் நாடோறும் காசு நல்கினார் என்று எடுத்தோதுகின்றார்.

சுந்தரர் கூற்றை உற்றுநோக்குக. காசு வந்தது பாட்டின்பொருட்டு. பாடினார் இருவரும். அங்ஙனமாயின் ஒரு காசில் வாசி வந்தது எற்றுக்கு?

விடை கூறியவர் பிள்ளையாரே. அரசு நாயனார் மனத்தினால் அன்புசெய்வதோடு தம் திருமேனி வருந்தக் கைத்தொண்டும் புரிகின்றார். ஆதலின் அவர் காசுக்கு வாசியில்லை என்று தெளிந்தார். இச்சொல்லைச் சொன்னவர் அரசோ அவர் அடியாரோ அல்லர், குறைந்த காசைப் பெற்றவரே என்பதை மறத்தலாகாது. அவர் இறைவரைக் குறைகூறவில்லை; அரசின்மேல் அழுக்காறும் கொள்ளவில்லை. தமக்குரிய வழியாகிய பாட்டினாலேயே பாடி, வாசி நீங்கிய காசு பெற்றார்.

இறைவர்க்கு ஓரவஞ்சனை உண்டோ என்று வினவுவார்க்கு, மகனுக்குத் தருவது கொடை, பணியாளர்க்குத் தருவது கூலி என்பது அமையும். கொடையிற் குறையிருப்பின் மகன் தந்தையை நெருங்கிக் கேட்டு வாங்கிக்கொள்வன், அவ்வுரிமை அவனுக்குண்டு. உழைத்தானது கூலியோ கேளாமலே நிறையளவாகத் தரற்பாலது. பிள்ளையார் சற்புத்திரமார்க்கத்தினர், அரசு தாசமார்க்கத்தினர். இரண்டும் சிவஞானசித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரத்திலே விரித்தோதப்பட்டனவே.

நம்மவருட் சிலர் அவ்விடத்தைப் படித்துவிட்டு, சரியை முதற்படியாதலின் அது கல்லாதார்க்குரியது, அலகும் மெழுக்கும் உழவாரமும் ஞானநூல் வல்லார்க்கு வேண்டா என்று பேசக் கேட்கின்றோம். படியென்றதனாலே இழிவு என்று கொள்வது எந்நூல் முறையோ அறியோம். திருவதிகையிலே திலகவதியம்மையார் விடியுமுன் அலகிட்டு மெழுகிய பணியே அரசு நாயனாரை ஆட்கொண்டதற்கு முன்னின்றது. எண்ணிறந்த பதிகங்கள் பாடிய பெருந்தகை, முதுமையிலும் உழவாரத்தைக் கைவிட்டாரில்லை.

இனி, கூலி என்றமையால் அரசு நாயனார் பொருள் வேண்டி உழைத்தார் என்று எவரேனும் மயங்குவராயின், திருப்புகலூருக்குச் செல்க. அங்கே அவர் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் பருக்கைக் கற்களோடு விளங்கச் செய்தருளினார் பெருமான். நாயனார் கல்லையும் மணியையும் வேறு காணாது, இரண்டையும் உழவாரத்தினால் ஏந்தித் திருக்குளத்தில் எறிந்தார். மிழலையிலே ஒரு காசை நாடோறும் ஏற்ற கையே புகலூரில் இதனைச் செய்தது. முன்னது பசித்த அடியார்க்கு உணவாயிற்று. பின்னதற்கு அவரிடத்து ஒரு பயனும் இருக்கவில்லை.

உழைப்புக்குக் கூலியும் மரபுக்கு உரிமையும் என்னும் இவ்விரண்டும் பிற்காலத்துத் திருக்கோயில் ஆட்சியில் எங்ஙனம் நின்றன என்பதற்குத் தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டொன்று சான்றாகும். இராசராசனது 29 ஆம் ஆட்சியாண்டு (1014) வரையில் அங்கே திருப்பதியம் பாட நியமிக்கப்பட்டவர் 48 பேர். உடுக்கை வாசிப்பார் ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரும் சேர 50 பேர். ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். அவருள் ஒருவர் இறந்தாலும் வேற்றூர் சென்றாலும், அவர்க்கு நெருங்கிய முறையினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடக்கடவர். அம்முறையினர் தாம் தகுதியுடையராகாவிடின், தகுதியுடைய வேறொருவரை வைத்துப் பாடுவித்தல் வேண்டும். முறையினரே இல்லையாயின், எஞ்சியுள்ள பாடுநரே தக்கார் ஒருவரைத் தேர்ந்துகொள்ளவேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதே மூன்று குறுணி நெல்லைப் பெறுவார்.