பத்ருக் கைதிகள் நடத்திய பாடமும் ஆப்கான் பள்ளிக்கூடங்களும்



ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ருப் போர் முடிந்தபோது ஏறத்தாழ எழுபது குறைஷியர் கைதிகளாக மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். வசதியுள்ளோர் ஈட்டுத்தொகை செலுத்தி விடுதலை பெற்றனர். கையில் பொருளின்றி, எழுதப் படிக்க மட்டும் அறிந்திருந்தோருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வேறொரு வழியைத் திறந்தார்கள். மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் அதுவே அவர்களின் ஈடு. அவ்வாறு கற்ற அன்ஸாரிப் பிள்ளைகளுள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் குறிப்பிடுகின்றார். பிற்காலத்தில் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் திருக்குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பொறுப்பு அதே ஸைத் (ரலி) அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள்! கற்பித்தவர்கள் பகைவர்கள். கற்பித்து முடித்ததும் மக்காவுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் தந்த கல்வியோ மதீனாவிலேயே தங்கியது, தழைத்தது. அயலாரின் உதவியை எடைபோடும் தராசு இதுவே. உதவியவர் போன பின்பு உதவி பெற்றவரிடம் எஞ்சியது என்ன? இந்தத் தராசில் நம் காலத்து ஆப்கானிஸ்தானின் வரலாற்றை நிறுத்துப் பார்ப்போம்.

நூறாண்டுக் கல்வி உறவு

1903ஆம் ஆண்டில் அமீர் ஹபீபுல்லாஹ் கான் காபூலில் ஹபீபிய்யா பள்ளியை நிறுவினார். அந்நாட்டின் முதல் நவீனப் பள்ளி அது. அதன் தொடக்க கால ஆசிரியர்களில் பலர் இந்திய முஸ்லிம்கள். 1933இல் மன்னர் நாதிர் ஷா கல்வித் துறைக்கு ஆலோசனை கூறுமாறு மூவரை அழைத்தார். கவிஞர் இக்பால், அல்லாமா சையித் சுலைமான் நத்வீ, சர் ராஸ் மஸ்ஊத் ஆகியோரே அம்மூவர். அவர்கள் வந்து சென்ற சில நாட்களிலேயே, நவம்பர் 8 அன்று, பள்ளி மாணவர்களுக்குப் பரிசளிக்கும் விழாவில் மன்னர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும் கல்விப் பணி நின்றுவிடவில்லை.

1979இல் சோவியத் படைகள் நுழைந்தன. பின்பு 1990களில் உள்நாட்டுப் போர் மூண்டது. காபூலின் பெரும்பகுதியோடு ஹபீபிய்யாவும் குண்டுகளால் சிதைந்தது. இந்திய அரசின் உதவியால் புதுப்பிக்கப்பட்டு 2005 ஆகஸ்டில்தான் அது மீண்டும் ஒப்படைக்கப்பட்டது.

வந்து குவிந்த நிதி

2001இல் ஆப்கான் பள்ளிகளில் பயின்றோர் பத்து இலட்சத்துக்கும் குறைவு. அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் அறவே இல்லை எனலாம். 2002 ஜனவரியில் டோக்கியோவில் கூடிய நாடுகள் 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. அடுத்த இருபதாண்டுகளில் அமெரிக்கா மட்டும் மறுசீரமைப்பின் பெயரால் ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 14,500 கோடி டாலர். அதில் பெரும்பகுதி பாதுகாப்புப் படைகளுக்கே சென்றது.

நன்மைகள் விளையவில்லை என்று கூறுவது நியாயமாகாது. பள்ளிகள் எழுந்தன, பல இலட்சம் சிறுமிகள் முதன்முறையாகப் பாடநூலைக் கையில் ஏந்தினர். இந்தியா அனுப்பிய சத்துப் பிஸ்கட்டுகளைப் பள்ளிச் சிறார் நாள்தோறும் உண்டனர். ஹெராத் மாகாணத்தில் போரால் நின்றுபோயிருந்த சல்மா அணையை இந்தியா கட்டி முடித்து 2016 ஜூனில் திறந்தது. 42 மெகாவாட் மின்சாரமும் 75,000 ஹெக்டேருக்குப் பாசனமும் அதன் நோக்கம்.

ஆனால் கணக்கேடு சொன்னதும் வகுப்பறை சொன்னதும் ஒன்றாக இருக்கவில்லை. மூன்றாண்டுகள் வரை பள்ளிப்பக்கமே வராத பிள்ளையின் பெயரும் வருகைப் பதிவேட்டில் தொடர்ந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பயில்வதாக அரசு கூறி வந்த நிலையில், பள்ளியில் உண்மையாக இருப்போர் 60 இலட்சமே என்று 2016இல் கல்வி அமைச்சரே அறிவிக்க நேர்ந்தது. கொடுத்தவருக்குக் காட்ட எண்ணிக்கை தேவைப்பட்டது, எண்ணிக்கை வளர்ந்தது. அமானத் எனும் உணர்வு தளர்ந்த இடத்தில் பொய் பெருகுவது இயல்பு.

கஜக்கி அணையின் செய்தி இன்னும் தெளிவானது. ஹெல்மந்த் மாகாணத்திலுள்ள அந்த அணையின் மின் நிலையத்துக்குப் புதிய டர்பைன் ஒன்று 2008இல் கொண்டு செல்லப்பட்டது. ஏறத்தாழ நூறு வாகனங்கள், ஆயிரக்கணக்கான படையினரின் பாதுகாப்போடு அது அணையைச் சேர்ந்தது. ஆனால் அதைப் பொருத்துவதற்கான சிமெண்டைக் கொண்டு செல்லப் பாதுகாப்பான பாதை இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் அது இயங்கியது. சுற்றிலும் வாழும் மக்களின் இணக்கம் இல்லாத இடத்தில் இரும்பும் பணமும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

பள்ளிவாசலே வகுப்பறை

இதே நாட்டில், இதே காலத்தில் நடந்த வேறொன்றையும் கேளுங்கள். கோர் மாகாணத்தின் மலைக் கிராமங்களில் பிள்ளைகள் நெடுந்தொலைவு நடந்தே பள்ளி செல்ல வேண்டியிருந்தது. 2007இல் 31 கிராமங்களை ஆய்வாளர்கள் தேர்ந்தனர். அவற்றுள் சிலவற்றில் மட்டும் முதலாண்டில் கிராமத்துக்குள்ளேயே பள்ளி தொடங்கப்பட்டது. புதிய கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. ஊரார் கொடுத்த வீட்டின் ஓர் அறையோ, பள்ளிவாசலோ வகுப்பறையாயிற்று. அவ்வூரிலோ அருகிலோ வாழ்ந்த, ஓரளவு கற்ற ஒருவர் ஆசிரியரானார். வெளியிலிருந்து வந்தவை பாடநூல்களும் ஆசிரியருக்கான பயிற்சியுமே.

பலன் என்ன தெரியுமா? பள்ளி செல்வோர் விகிதம் நூற்றுக்கு 42 என்ற அளவில் உயர்ந்தது. ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகள் நூற்றுக்கு 21 என்ற அளவில் பின்தங்கியிருந்த நிலை அறவே நீங்கியது. பள்ளியின் தூரம் ஒரு மைல் கூடினால் நூற்றுக்குப் பதினாறு பிள்ளைகள் குறைகின்றனர் என்பதும் தெரிய வந்தது. மகளின் கல்வியை அத்தந்தையர் வெறுத்தார்கள் என்று நினைத்தோர் இங்கே கவனிக்க வேண்டும். அவர்கள் அஞ்சியது பாதையை! பாதை குறுகியதும் அனுப்பினார்கள்.

2003இல் தொடங்கிய தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டமும் இவ்வழியிலேயே சென்றது. கிராமத்தார் தாமே ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். குடிநீரா, வாய்க்காலா, சாலையா, பள்ளியா என்று அம்மன்றமே முடிவு செய்தது. நிதி வெளியிலிருந்து வந்தது. உழைப்பில் ஒரு பங்கை ஊர் தந்தது. தன் வியர்வை கலந்ததை மனிதன் காக்கவே முற்படுவான்.

மூடப்பட்ட கதவு

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான்கள் வசமானது. வெளிநாட்டு உதவியைப் பெரிதும் நம்பியிருந்த அரசு சில நாட்களில் சரிந்தது. அடுத்த மாதம் மேல்வகுப்புகள் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்தன. 2022 மார்ச் 23 அன்று பள்ளி வாசல் வரை வந்த மாணவிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழகமும், 2024 டிசம்பரில் செவிலியர், மகப்பேறு உதவியாளர் பயிற்சியும் பெண்களுக்கு மூடப்பட்டன. குறைந்தது 14 இலட்சம் சிறுமிகளுக்கு மேல்நிலைக் கல்வி மறுக்கப்பட்டுள்ளதாக யுனெஸ்கோ 2024இல் அறிவித்தது.

இதற்கு மார்க்கத்தில் சான்று உண்டா? நபி (ஸல்) அவர்களின் துணைவியார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. தமக்கென ஒரு நாள் ஒதுக்கிக் கற்பிக்குமாறு பெண்கள் வேண்டியபோது நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கிக் கொடுத்தார்கள். 2022இன் தடையை ஷரீஅத்துக்கு முரணானது என்று அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அத்தய்யிப் கண்டித்தார். பெண்ணுக்குப் பெண்ணே பிரசவம் பார்க்க வேண்டும் என்று விரும்பும் சமுதாயம், பெண் கற்கும் வாசலை மூடினால், நாளை அந்தத் தாயின் அருகில் யார் நிற்பார்?

நமக்குள்ள படிப்பினை

அன்பர்களே! அந்த இருபதாண்டுகளில் வந்த பணம் போய்விட்டது, படைகளும் போய்விட்டன. அன்று கற்ற பெண்கள் இன்றும் அந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் கற்றதை எந்த ஆணையாலும் பறிக்க முடியாது. ஆனால் அவர்களுக்குப் பின் யார் என்பதே நெஞ்சை அறுக்கும் கேள்வி.

ஜகாத்தும் ஸதக்காவும் கொடுக்கும் நாமும் இத்தராசைக் கையில் எடுப்போம். கொடுத்த தொகையோடு கடமை முடிந்ததென எண்ணாமல், உதவி பெற்ற பிள்ளை பிறருக்குக் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்ததா என்று விசாரிப்போம். மஹல்லாவில் ஒரு மகள் படிப்பை நிறுத்தினால், பெற்றோரைக் குறை கூறுமுன் பள்ளி எவ்வளவு தூரம், துணைக்கு யார் என்று கேட்போம். ஜமாஅத் ஏற்பாடு செய்யும் ஒரு வாகனம் அவளுடைய வாழ்வையே மாற்றக்கூடும்.

வல்ல அல்லாஹ் ஆப்கான் நாட்டுக்கு அமைதியையும், அதன் புதல்வியருக்குக் கல்வியின் வாசலையும் திறந்தருள்வானாக! பெற்ற கல்வியைப் பிறருக்கு வழங்கும் நன்மக்களாக நம் பிள்ளைகளை ஆக்கியருள்வானாக! ஆமீன்.