கம்பளையில் பேசாமல் போன பேச்சு

 

நமது கடைவீதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அட்டை ஒன்று தொங்குகிறது: "இங்கு சமயம், அரசியல் பேச வேண்டாம்." முதலாளியைக் குறை சொல்ல மாட்டோம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் வாய்த்தர்க்கம் வந்த நாட்களை அவரும் பார்த்தவர்தான். எங்கள் ஆசிரியர் அறையில் அட்டை இல்லை, சட்டம் மட்டும் அதேதான். ஆனாலும் வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்பதால் எங்களுக்கு ஒரு கேள்வி: கலவரங்கள் பேசியதால் வந்தனவா, பேசாததால் வந்தனவா?

பதிலுக்குத் தூரம் போகத் தேவையில்லை, கம்பளை போதும். நம்மில் பாதிப்பேர் சாமான் வாங்கவும் மருந்தெடுக்கவும் போகும் அதே கம்பளை.

அங்கே வல்லஹகொட தேவாலயத்தின் எசல பெரஹரா அம்பகமுவ வீதியால் போகும். அந்த வீதியில் கரையோரச் சோனகர் ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். இவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். கண்டி இராச்சிய காலத்திலிருந்தே பொதிமாடுகளோடு மலையேறிய பழைய சோனகர் வேறு. (அந்தப் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத்தான் தவலம் என்று பெயர். தவலந்தென்னையைக் கடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.) பள்ளிவாசலுக்கு முன்னால் மேளம் அடிக்கக் கூடாது என்று ஆட்சேபம் வந்தது. 1912இல் அரசாங்க அதிபர், பள்ளிவாசலை நெருங்கும்போது வாத்தியத்தை நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அதை ஏற்கவில்லை. விஷயம் வழக்காகிக் கண்டிக்குப் போனது.

1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பௌத்த சமயத்தின் உரிமைகளையும் சடங்குகளையும் காப்பதாக 1815ஆம் ஆண்டு கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் பிரிட்டிஷார் கொடுத்த வாக்கே அவருடைய அடிப்படை. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி நூறு வருடம் நிறையும் நேரம் அது. சிங்கள மக்களுக்கு அந்தத் தீர்ப்பு எப்படிப் பட்டிருக்கும் என்று நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் பக்கத்தில் சிலருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

சட்டப்படி நம்மவர்கள் வென்றார்கள். அந்த வெற்றி நான்கு மாதம்கூட நிற்கவில்லை. 1915 மே 28 வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலடியில், பக்திப் பாடல் குழு வந்தபோது கைகலப்பு மூண்டது. சில நாட்களில் அது ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. உலக யுத்தத்தால் சாமான் விலை ஏறிப்போய், கடன் கொடுத்த கடைக்காரர் மேல் ஏற்கெனவே ஆத்திரம் இருந்த காலம். எரிந்த கடைகள் எல்லாம் மேளத்துக்காக எரியவில்லை. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. அதன் கீழ் சிங்களவர்கள் பட்ட பாடும் கொடியது. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரைச் சுட்டே கொன்றார்கள். பொன்னம்பலம் இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடினார், இங்கிலாந்து வரை போனார். எங்கள் இழப்பை அவர் பெரிதாக எடுக்கவில்லை என்ற மனக்குறை முஸ்லிம்களிடம் தங்கியது. தமிழ் பேசும் இரு சமூகங்களுக்கிடையே அந்தக் குறை இன்றும் சில வீடுகளில் உண்டு.

அந்த மூன்று வருடமும் ஊர் வாயை மூடிக்கொண்டா இருந்தது? இல்லை. எல்லோரும் சமயம்தான் பேசினார்கள், தங்கள் ஆட்களோடு மட்டும். சிங்களப் பத்திரிகைகள் சோனகரைப் பற்றி எழுதின, சோனகரிடம் கேட்கவில்லை. நம்மவர்கள் அதிபரிடம் பேசினார்கள், பொலிஸிடம் பேசினார்கள், அப்புக்காத்துமாரிடம் பேசினார்கள். 2018 மார்ச்சில் திகனயிலும் இதே கதைதான். பத்திரிகைக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி. அரசாங்கம் முகநூலை முடக்கும்போது கடைகள் எரிந்துவிட்டன.

எங்கள் சின்ன வயதில் இந்தக் கடைவீதியில் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு கோயில் தலைவர் பள்ளிவாசலுக்கு வருவார். "நாநா, இஷா எத்தனை மணிக்கு முடியுது?" என்று கேட்பார். நேரம் சொல்வோம். தேர் அதற்குப் பிறகு வரும், இல்லையென்றால் தப்புக்காரர்கள் கொஞ்சம் முன்னாலேயே கையை நிறுத்துவார்கள். தேர் நிற்கும் இடத்தில் நம் கடைக்காரர்கள் சர்பத் கரைத்து வைப்பார்கள். ஒரு வருடம் நேரம் தவறிவிட்டது. தொழுகை நடக்கும்போதே தேர் வந்தது. அடுத்த நாள் காலையில் தலைவர் கடைக்கு வந்து நம் பெரியவர்களிடம் ஏச்சு வாங்கினார். திருப்பி அவரும் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

2019க்குப் பிறகு யாரும் வரவில்லை. நாமும் போகவில்லை. இப்போது கடிதம் வருகிறது, பொலிஸ் மூலம், நேரம் குறித்து. நாமும் பொலிஸ் மூலம் பதில் அனுப்புகிறோம். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. 1912இல் கம்பளையிலும் எல்லாம் கடிதத்தில் ஒழுங்காகத்தான் நடந்தது.

இந்த வருடத் திருவிழாவுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. வரும் வெள்ளி அஸருக்குப் பிறகு நாங்கள் நான்கு பேர் கோயில் தலைவர் வீட்டுக்குப் போகிறோம். பழைய தலைவரின் மகன்தான் இப்போது தலைவர், எங்களிடம் படித்தவர். கடிதம் கொண்டு போகவில்லை. இஷா நேரத்தை வாயால் சொல்லிவிட்டு, போன வருடம் நம் பையன்கள் போட்ட அந்த வீடியோவைப் பற்றியும் பேசப் போகிறோம். கூட வர விரும்புகிறவர்கள் பள்ளிவாசல் படியடியில் நில்லுங்கள்.